மேட்டுவெளியின் ஏழு குட்டிகள்

டிசம்பர் 29

அலுவலகப் பணிக்குறிப்பேட்டில் எழுதுவதெல்லாம் ரேஞ்சர் படிப்பதற்கு. இந்த நோட்டு நான் படிப்பதற்கு. இன்று ஆரம்பிக்கக் காரணம், காலையில் பார்த்த ஒன்றாம் குட்டி.

மேட்டுவெளி சரணாலயத்துக்கு வனக்காவலராக வந்து நாற்பது நாள் ஆகிறது. நாலு பக்கமும் புல்தான். நடுவில் என் குடியிருப்பு, ஒரு கண்காணிப்புக் கோபுரம், மூன்று தண்ணீர்த் தொட்டி, முப்பத்தெட்டு வெளிமான்கள். எனக்கு முன்னால் இருந்தவர், போன வருடம் ஒன்பது குட்டி பிறந்து ஒன்பதும் பிழைத்ததாகப் பதிவேட்டில் அழகான கையெழுத்தில் எழுதி வைத்திருக்கிறார். மந்தையில் தேடினால் ஒரு வயதுக் குட்டி ஒன்றுகூட இல்லை. மனிதர் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே பிரசவம் பார்த்திருக்கிறார்.

நான் பொறுப்பேற்ற அன்று ரேஞ்சர் சொன்னது: "பிரம்மசக்தி, இருக்கிற மான் எல்லாம் கிழடு. இந்த வருஷமும் குட்டி தங்கலைன்னா மந்தை அவ்வளவுதான். வாரம் ஒரு தடவை ஒவ்வொரு குட்டியையும் போட்டோ எடுத்து அனுப்பும்மா."

வாரம் ஒரு தடவை என்ன, தினமும் அனுப்புகிறேன் என்றேன்.

இன்று காலை தற்காலிகக் காவலர் தொம்மை அண்ணன் கோபுரத்திலிருந்து இறங்கி வந்தார். "மேடம், வடக்க உடை மரத்துக்குட்ட ஒரு பெட்டை தனியா நிக்கி. குட்டி போட்ருக்கும்னு நெனைக்கேன்." போனேன். ஒரு மணி நேரம் தேடிய பிறகு கொழுக்கட்டைப் புல்லுக்குள் காலடியிலேயே கிடந்தது. கழுத்தை நீட்டித் தரையோடு தரையாகப் படுத்திருந்தது. மண் நிறம். கண் மட்டும் திறந்திருந்தது. குனிந்து போட்டோ எடுத்தேன். அசையவில்லை.

டிசம்பர் 31

இரண்டாம் குட்டி. தொட்டி கழுவினேன். கேஸ் தீர்ந்து விறகில் சோறு.

ஜனவரி 5

இப்போது நான்கு. பெயர் வைக்க மாட்டேன் என்று முடிவு செய்திருக்கிறேன். எண் போதும்.

குட்டி இருக்கும் இடத்திலிருந்து பத்தடி தள்ளி ஒரு மூங்கில் குச்சி நட்டு அதில் சிவப்பு நாடா கட்டிவிடுகிறேன். இல்லாவிட்டால் மறுநாள் கண்டுபிடிக்க முடியாது. புல் இடுப்பு உயரம் இருக்கிறது. குட்டி இரண்டு வாரம் வரை இப்படித்தான் ஒளிந்து கிடக்கும். தாய் தூரத்தில் சம்பந்தமே இல்லாதது போல மேய்ந்துகொண்டிருக்கும், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை வந்து பால் கொடுத்துவிட்டுப் போய்விடும். குட்டிக்கு வாசனை கிடையாது. பக்கத்திலேயே நரி போனாலும் தெரியாது. நல்ல ஏற்பாடு.

காலை ஆறு மணிக்குக் கிளம்பி நான்கையும் பார்த்துவிட்டு, மேற்குத் தொட்டிக்குப் போய் மோட்டார் போட்டு, சாலை வழியாகப் பத்து மணிக்கு வீடு வருகிறேன். உடம்பெல்லாம் ஊசிப்புல். வந்ததும் பவுன் வாலை ஆட்டிக்கொண்டு வரும். இந்தக் குடியிருப்போடு சேர்ந்து வந்த செவலைப் பெட்டை நாய் அது. சுற்று வட்டாரத்தில் இரண்டு கிலோமீட்டருக்கு ஆள் கிடையாது. வாசலில் அது படுத்திருப்பதால்தான் நான் தூங்குகிறேன், அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. சரணாலயத்துக்குள் நாய் போகக்கூடாது. கிளம்பும்போது "இரு" என்பேன், இருக்கும். இந்தத் துறையில் என் பேச்சைக் கேட்கிற ஒரே ஜீவன்.

ஜனவரி 8

ஒன்றாம் குட்டி இல்லை. குச்சி இருக்கிறது, நாடா இருக்கிறது. மந்தையோடு சேர்ந்திருக்கும் என்று நினைத்தேன், பதினோரு நாள் ஆகிவிட்டதே. கோபுரத்தில் ஏறித் தேடினேன். மந்தையில் குட்டி இல்லை. உடை மரத்தடியில் தாய் மட்டும் நின்றுகொண்டிருந்தது.

ஜனவரி 9

ஐந்தாம் குட்டி. தென்பக்கம். பவுன் சோறு தின்னவில்லை. நேற்றும் பாதிதான். பழைய சோறு பிடிக்கவில்லை போலிருக்கிறது, மகாராணி.

ஜனவரி 11

இரண்டாம் குட்டி. இது கிடைத்தது. குச்சியிலிருந்து முப்பதடி தள்ளி, கழுத்துக் கடிபட்டு, முக்கால்வாசி உடம்போடு கிடந்தது. தின்பதற்காகக் கொன்றது போல இல்லை. பக்கத்தில் புழுதி மண்ணில் நாய்க் காலடி.

போட்டோ எடுத்தேன். அழுகை வந்தது என்றும் எழுதிவிடுகிறேன், இது ரேஞ்சர் படிக்காத நோட்டுதானே. பதினோரு நாள் அதைப் பார்த்திருக்கிறேன். முதல் வாரம் காதில் ஒரு பூச்சி உட்கார்ந்தபோதுகூட அசையாமல் கிடந்த குட்டி.

"இது கெடை நாயி வேலையா இருக்கலாம்," என்றார் தொம்மை அண்ணன். "இல்லாமலும் இருக்கலாம். தடத்தப் பாத்தா ஒத்த நாய் மாதிரி தெரியுது மேடம்."

கிழக்கு எல்லைக்கு வெளியே தரிசில் ஆட்டுக்கிடை போட்டிருக்கிறார் உச்சிமாகாளி. நாற்பது ஆடு, இரண்டு நாய். வேறு யாரிடம் இங்கே நாய் இருக்கிறது?

ஜனவரி 12

கிடைக்குப் போனேன். சீருடையில்தான் போனேன், தொப்பி உட்பட. உச்சிமாகாளிக்கு அறுபது வயதிருக்கும். ஒரு ஆட்டுக்குக் குளம்பில் முள் எடுத்துக்கொண்டிருந்தார். எழுந்து துண்டை இடுப்பில் கட்டினார். நாய் ஒன்று கறுப்பு, ஒன்று சாம்பல். இரண்டும் என்னைப் பார்த்துக் குரைத்தன, அவர் ஒரு விரலைக் காட்டியதும் படுத்துக்கொண்டன.

"ரெண்டும் கெடைய விட்டு நவராது ஆபீசரம்மா. இதுவ போயிட்டா ஆட்ட யாரு மடக்குவா?"

"நாய்க்கு நீரு சாட்சியா? மான் குட்டியக் கடிச்சு வச்சிருக்கு. வன உயிர்ச் சட்டம்னா என்னன்னு தெரியுமா உமக்கு? உள்ள போனா வெளிய வர வருஷம் ஆகும்."

"நான் பொய் சொல்லலம்மா."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் தாரேன். நாய் ரெண்டும் உயிரோட இருக்கக் கூடாது. எங்கயாவது கொண்டு விடுதேன்னு சொல்லாதீரு, நாய் எங்க விட்டாலும் திரும்பி வந்துரும். இல்லேன்னா கேஸு, கெடையும் இங்க இருக்காது."

அவர் குனிந்து ஆட்டின் குளம்பை மறுபடி கையில் எடுத்தார். கறாராக இல்லாவிட்டால் இந்த வேலை பார்க்க முடியாது. முன்னால் இருந்தவர் கறாராக இல்லாததால்தான் பதிவேட்டில் மட்டும் குட்டிகள் வளர்ந்தன.

ஜனவரி 13

ஆறாம் குட்டி. ரேஞ்சருக்கு அறிக்கை அனுப்பினேன்: "கிழக்கு எல்லைக் கிடை நாய்கள் கடித்து இரண்டு குட்டிகள் இறப்பு. நடவடிக்கை எடுக்கப்பட்டுள்ளது." இப்போது மூன்று, நான்கு, ஐந்து, ஆறு உயிரோடு இருக்கின்றன. நான்கையும் பார்த்தேன்.

ஜனவரி 15

பொங்கல். அம்மா போனில், "தனியா கெடந்து என்னத்தட்டி பொங்குவ?" என்றாள். சின்னக் குக்கரில் பொங்கினேன். தொம்மை அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். பெரிய கிடா மான் ஒன்று, கறுப்பும் வெள்ளையுமாக, கொம்பை முதுகில் சாய்த்துக்கொண்டு தொட்டிப் பக்கம் மிடுக்காக நடந்தது. வானம்பாடிகள் ஓயாமல் கத்தின. பவுனுக்கும் சர்க்கரைப் பொங்கல் வைத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டது.

ஜனவரி 16

வெள்ளிக்கிழமை. காலையில் உச்சிமாகாளி குடியிருப்பு வாசலுக்கே வந்தார். உள்ளே வரவில்லை.

"முடிஞ்சுது," என்றார்.

"எப்படி?"

"சோத்துல வச்சேன். வேற ஆளு வச்சா திங்காது, நான் வச்சாத்தான் திங்கும்."

பவுன் அவர் காலை முகர்ந்தது. குனிந்து அதன் தலையைத் தடவிவிட்டுப் போனார்.

ஜனவரி 17

மூன்றாம் குட்டி.

ஜனவரி 18

நான்காம் குட்டி. அதே மாதிரி, கழுத்து. குச்சிக்குப் பக்கத்திலேயே.

அந்த ஆள் பொய் சொல்லியிருக்க வேண்டும். ஒரு நாயை ஒளித்து வைத்திருப்பார். அல்லது ஊர்ப்பக்கமிருந்து தெருநாய் வருகிறது. அல்லது குள்ளநரி. நரி தின்னாமல் விட்டுவிட்டுப் போகுமா என்று தொம்மை அண்ணன் கேட்டார். எல்லாம் தெரிந்தவர் மாதிரிக் கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. கோபுரத்தில் உட்கார்ந்து நாள் முழுக்க நீங்கள் என்னத்தைத்தான் பார்த்தீர்கள் என்று கேட்டுவிட்டேன்.

"கோபுரம் வடக்குப் பாத்துல்லா இருக்கு. மேல இருந்து பாத்தா உங்க வீடு தெரியாது மேடம்," என்றார்.

வீட்டைப் பற்றி யார் கேட்டது?

மாலையில் பவுனைக் குளிப்பாட்டினேன். மூக்கிலும் நெஞ்சிலும் சேறு.

ஜனவரி 19

சீருடை துவைத்தேன். கிழக்குத் தொட்டியில் பாசி. மழை பெய்து மூன்று வாரமாகிறது, எங்கே பார்த்தாலும் புழுதி.

ஜனவரி 20

பவுனைக் காலையில் வேப்பமரத்தில் கட்டிவிட்டுப் போனேன். வெயில் அதிகம், அலைந்தால் உடம்புக்கு ஆகாது. வேறு காரணம் இல்லை.

ஐந்து, ஆறு இரண்டும் நலம்.

ஜனவரி 21

இரண்டும் நலம். ஏழாம் குட்டியும் பிறந்திருக்கிறது. வடக்குப் பள்ளத்தில் தாய் நக்கிக்கொண்டிருந்ததைத் தொம்மை அண்ணன் தொலைநோக்கியில் காட்டினார். பக்கத்தில் போகவில்லை, குச்சியும் இன்னும் நடவில்லை.

ஜனவரி 22

மூன்றும் நலம். பவுன் ஊளையிட்டுக்கொண்டே இழுத்ததில் கழுத்தெல்லாம் கயிறு அறுத்துப் புண். என்னைப் பார்த்த பார்வையைத் தாங்க முடியவில்லை. மூன்று நாள் கட்டிப்போட்டு மூன்று நாளும் ஒன்றும் நடக்கவில்லை என்பதற்கு என்ன அர்த்தம்? ஒன்றும் அர்த்தமில்லை. தற்செயல். ஒரு வாயில்லா ஜீவனை வெறும் சந்தேகத்துக்காகக் கட்டிப்போடுவது நியாயமே இல்லை. இந்த மூன்று நாளும் ராத்திரி நான் தூங்கவும் இல்லை.

நாளை அவிழ்த்துவிடுவேன்.

ஜனவரி 23

ஐந்து.

ஜனவரி 25

நேற்று ஒன்றும் எழுதவில்லை. இன்று எழுதித்தான் ஆக வேண்டும். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

நேற்று பவுனைக் கட்டிப்போட்டிருந்தேன். இன்று காலை ஆறு மணிக்குப் பவுனிடம் "இரு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். கட்டவில்லை. ஏன் கட்டவில்லை? தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஒரு பக்கம். தெரிந்துகொள்ளக் கூடாது என்று ஒரு பக்கம். ஆறாம் குட்டியிடம் போனேன். பன்னிரண்டு நாள் குட்டி. போட்டோ எடுத்தேன். அங்கிருந்து ஏழாவது இருக்கும் பள்ளத்தை நோக்கி நடந்தேன். முந்நூறு அடி போனதும் தொலைநோக்கியைக் குச்சியில் மாட்டிவிட்டு வந்தது ஞாபகம் வந்து திரும்பினேன்.

பவுன் வந்துகொண்டிருந்தது. ஓடி வரவில்லை. தலையைத் தூக்கவும் இல்லை. மூக்கைத் தரையில் வைத்து, நான் நடந்த வழியிலேயே மெதுவாக வந்தது. முள்செடியைச் சுற்றி நான் எங்கே திரும்பினேனோ அங்கே திரும்பியது. செருப்பு வாரைச் சரிசெய்ய நான் நின்ற இடத்தில் அதுவும் நின்று முகர்ந்தது.

குட்டிக்கு வாசனை கிடையாது. எனக்கு இருக்கிறது.

எந்த நாயும் தானாகக் கண்டுபிடிக்க முடியாத ஆறு இடத்துக்கு நான்தான் தினமும் காலையில் வழி போட்டுக் கொடுத்திருக்கிறேன். வாரம் ஒரு தடவை போதும் என்றார் ரேஞ்சர். நான் தினமும் போனேன். முன்னால் இருந்தவர் போகவே இல்லை. நானும் அந்தச் சோம்பேறி மாதிரி நாற்காலியிலேயே இருந்திருந்தால் இந்தக் குட்டிகளில் நாலைந்தாவது பிழைத்திருக்கும்.

கத்தினேன். "பவுன்" என்று பெருங்குரலில் கத்திக்கொண்டே ஓடினேன். பவுன் நின்று என்னைப் பார்த்து வாலாட்டியது. ஆனால் என் சத்தத்துக்குக் குட்டி எழுந்துவிட்டது. இத்தனை நாள் குனிந்து பார்த்தபோதெல்லாம் அசையாமல் கிடந்தது இன்று எழுந்து ஓடியது. ஓடுவதைப் பார்த்தால் நாய் என்ன செய்யும்? நான் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

பவுன் அதை என் காலடியில் கொண்டுவந்து போட்டது. நான் சந்தோஷப்படுவேன் என்று நினைத்தது.

ஜனவரி 26

ரேஞ்ச் அலுவலகத்தில் கொடியேற்றம். எல்லை நாய்கள் மீது உறுதியான நடவடிக்கை எடுத்ததற்காக எனக்குப் பாராட்டுச் சான்றிதழ். எல்லோரும் கைதட்டினார்கள். மிட்டாய் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன்.

கூட்டம் கலைந்ததும் ரேஞ்சரிடம் சொன்னேன். அவர் கதவைச் சாத்தினார். "இதுவரைக்கும் யார்கிட்ட சொன்ன? யார்கிட்டயும் சொல்லாத. ரிப்போர்ட் மாவட்டத்துக்குப் போயாச்சு. உன் குவார்ட்டர்ஸ் நாய்னு தெரிஞ்சா சஸ்பெண்ட் நீ மட்டும் இல்ல, நானும்தான். ஏழாவது குட்டிய மட்டும் தினம் போட்டோ எடுத்து அனுப்பு. ஒண்ணாவது உசுரோட இருக்குன்னு காட்டணும்."

"இனி பக்கத்துல போக மாட்டேன் சார்."

"போட்டோ இல்லாம நான் என்னத்தக் காட்ட?"

"நான் போறதனாலதான் சார் சாவுது."

அவர் சான்றிதழை என் கையிலிருந்து வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

ஜனவரி 27

பவுனை என்ன செய்வது?

உச்சிமாகாளிக்கு நான்கு நாள் கொடுத்தேன். எனக்கு நானே எத்தனை நாள் கொடுத்துக்கொள்வேன்? சோற்றைப் பிசைந்து தட்டில் வைத்துப் பார்த்தேன். வெறும் சோறுதான். அதைக்கூட அதன் முன்னால் தள்ள முடியவில்லை. நான் வைத்தால் தின்னும்.

தங்கை வேணிக்குப் போன் செய்தேன். திசையன்விளையில் அவளுக்குச் சுற்றுச்சுவர் வைத்த வீடு. மத்தியானம் அவள் வீட்டுக்காரர் ஆட்டோவில் வந்து பவுனைக் கூட்டிக்கொண்டு போனார்.

ஜனவரி 31

வாசல் காலி. தூக்கம் இல்லை. போட்டோ கேட்டு ரேஞ்சரிடமிருந்து நான்கு குறுஞ்செய்திகள்.

பிப்ரவரி 3

மெமோ வந்திருக்கிறது. பணியில் மெத்தனம். பதில் எழுதவில்லை. கோபுரத்தில் தொம்மை அண்ணனோடு உட்கார்ந்து வடக்குப் பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். தாய் மூன்று முறை புல்லுக்குள் போய் வந்தது. அது போய் வருகிற வரைக்கும் குட்டி இருக்கிறது. அவர் தன் தூக்குவாளியிலிருந்து எனக்குப் பாதிச் சோறு போட்டார். அன்றைக்கு நான் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க மேடம்," என்றார்.

பிப்ரவரி 6

பூனைப்பருந்து ஒன்று பள்ளத்துக்கு மேலே தாழப் பறந்தது. தாய் இரண்டு முறைதான் வந்தது.

பிப்ரவரி 9

ஏழாம் குட்டி காலை ஏழேகாலுக்குத் தாயின் பின்னால் புல்லிலிருந்து வெளியே வந்து மந்தையோடு சேர்ந்தது. நான்கு காலும் ஒன்றாகத் தூக்கி நான்கு முறை துள்ளியது. தொம்மை அண்ணன் சிலுவை போட்டுக்கொண்டார்.

ஏழில் ஒன்று.

பிப்ரவரி 10

மாவட்ட வன அலுவலருக்கு நான் எழுதி வைத்து இரண்டு வாரமாக மேசைக்குள் கிடந்த கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். கிடை நாய்கள் மீது நான் சொன்ன குற்றம் தவறு. ஆறு குட்டிகளும் இறந்தது என் பராமரிப்பில் இருந்த நாயால், நான் போட்ட வழியால். வேலை போகலாம். போகட்டும் என்று எழுதுகிற அளவுக்குத் தைரியசாலி இல்லை நான், பயமாகத்தான் இருக்கிறது.

பிப்ரவரி 11

கிடைக்குப் போனேன். சீருடை இல்லாமல் போனேன். உச்சிமாகாளி கிடையைப் பிரித்து ஆடுகளைக் கிளப்பிக்கொண்டிருந்தார். இந்தத் தரிசை விட்டுக் கிளம்புகிறாராம். நாய் இல்லாமல் இங்கே சமாளிக்க முடியவில்லை, இந்த மாதத்தில் மூன்று ஆடு காணாமல் போயிருக்கிறது.

"அண்ணாச்சி, உங்க நாய் கடிக்கல. என் நாய்தான். நானே கண்ணால பாத்தேன்," என்றேன். முழுவதும் சொன்னேன். கடிதம் அனுப்பியதையும் சொன்னேன். கம்பை இரண்டு கையாலும் ஊன்றி நின்று கேட்டார்.

"அந்தச் செவலையா? என் காலை மோந்துச்சே, அதா?"

"ஆமா."

"இப்ப எங்க இருக்கு?"

"தங்கச்சி வீட்டுல. திசையன்விளையில. காம்பவுண்டுக்குள்ளதான் கெடக்கு, திரும்பி வராது."

அவர் தலையை ஆட்டினார்.

"எனக்கும் தங்கச்சி உண்டும்மா, உடங்குடியில. ரெண்டையும் இங்க கொண்டா அண்ணே, நான் கட்டிப்போட்டுப் பாத்துக்கிடுதேன்னு அழுதா. நான்தான், கூடாது, ஆபீசரம்மாட்ட வாக்குக் குடுத்துட்டேன்னு சொல்லிட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லை. என்ன நடந்தது என்று எனக்குத் தெரிவிப்பது போலத்தான் சொன்னார். பிறகு ஆடுகளைத் தெற்கே ஓட்டினார். முன்னால் போனவை சோளக்காட்டுப் பக்கம் திரும்பின. அவர் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு அந்தப் பக்கம் ஓடி மடக்கினார். அதற்குள் பின்னால் இருந்தவை சிதறின. இந்தப் பக்கம் ஓடி வந்தார். நான் பார்த்துக்கொண்டிருந்த வரைக்கும் அப்படியே அங்கும் இங்கும் ஓடிக்கொண்டிருந்தார்.